ஒரு நாள் வண்டியில் தாமிரபரணி: வழிகாட்டி நிறுத்தாத இடங்கள்

திருநெல்வேலிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு வண்டி பேசிக்கொள்கிறார்கள். டிரைவரே வழிகாட்டி. காலையில் நெல்லையப்பர் கோயில், கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள், அப்படியே மேற்கே பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு. சீசன் என்றால் குற்றாலம். பக்தி அதிகம் உள்ளவர்களுக்கு நவகைலாயம் அல்லது நவதிருப்பதி. இரவு திரும்பும்போது இருட்டுக்கடை அல்வா. ரயிலேறினால் நெல்லையைப் பார்த்தாயிற்று.

இந்தப் பட்டியலில் உள்ள எந்த இடத்தின் மீதும் எனக்குக் கோபமில்லை. இசைத்தூண்களைத் தட்டிக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அருவியில் குளிக்க யாருக்குப் பிடிக்காது? என் கேள்வி வேறு. ஊரை அறியாத ஒருவர், வண்டி நின்ற இடங்களையே ஊர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார். அவருக்கு அந்த ஒரு நாள்தான் வரலாற்றுப் பாடம். அந்தப் பாடத்தில் இந்த ஆற்றங்கரையின் உழைக்கும் தலித் மக்கள் எங்கே இருக்கிறார்கள்? எங்கேயும் இல்லை. வண்டி அவர்களைத் தாண்டித்தான் போகிறது. நிற்பதில்லை.

முதல் உதாரணத்துக்கு ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோச்சன முதலியார் பாலம். விவரம் தெரிந்த டிரைவர் அண்ணன் என்றால் வேகத்தைக் குறைத்துக் கதை சொல்வார். சுலோச்சன முதலியார் என்பவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம், 1843-இல் திறக்கப்பட்டது, லண்டன் வாட்டர்லூ பாலத்தின் மாதிரி என்பார். நல்ல கதை, உண்மையான கதை. பயணி ஜன்னல் வழியே ஆற்றைப் படம் எடுத்துக்கொள்வார்.

அந்தப் படத்தில் விழுகிற கரைதான் கொக்கிரகுளம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகவும், சிறையில் அடைக்கப்பட்டிருந்த தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும், புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமியும் வேறு கட்சியினரும் முன்னால் செல்ல ஒரு பேரணி ஆட்சியரிடம் மனு கொடுக்க வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. மக்கள் ஆற்றுக்குள் இறங்கினார்கள். ஆற்றுக்குள்ளும் அடி விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. தாயின் கையிலிருந்த, இரண்டு வயதுகூட நிறையாத ஒரு குழந்தையும் உண்டு.

நீதிபதி மோகன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். அதன் அறிக்கை போலீஸைக் குற்றவாளியாக்கவில்லை. பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்லி முடித்தது. அவர்களை நீருக்குள் துரத்தியது எது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘ஒரு நதியின் மரணம்’ என்ற ஆவணப்படம் வந்திருக்காவிட்டால் நம் தலைமுறைக்கு அன்றைய காட்சிகள்கூட மிஞ்சியிருக்காது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று கட்சிகளும் இயக்கங்களும் வந்து ஆற்றில் மலர் தூவுகின்றன, போலீஸ் பாதுகாப்போடு. மறுநாள் அந்த இடம் மறுபடியும் வெறும் ஆற்றங்கரை.

ஒரே இடத்தில் 1843-ஐச் சொல்ல முடிகிறது, 1999-ஐச் சொல்ல முடியவில்லை. முன்னது யாரோ ஒருவரின் கொடைத்தன்மையைப் பற்றியது, யாரையும் சங்கடப்படுத்தாது. பின்னது இன்றும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றியது. எது காட்சிக்கு உரியது, எது வாய்மூடிக் கடக்க வேண்டியது என்று யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லா வண்டிகளும் ஒரே மாதிரிதான் ஓடுகின்றன.

இதில் டிரைவரைக் குறை சொல்வது எளிது, நியாயம் இல்லை. வண்டி அவருடையதாக இருக்காது. முதலாளிக்கு வாடகை போக மிஞ்சுவது பேட்டாதான். பின்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன சாதி என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் வாய் திறப்பது ஆபத்து. அதனால்தான் நம் பக்கத்தில் அந்தப் பழைய கேள்வி வருகிறது: ‘தம்பிக்கு எந்த ஊரு?’ ஊரைச் சொன்னால், ‘அங்கன எந்தத் தெரு?’ நெல்லையில் வளர்ந்த எந்தத் தலித் மாணவருக்கும் இந்த இரண்டாவது கேள்வியின் எடை தெரியும். தனி வண்டியில் முழு நாளும் ஒருவரோடு உட்கார்ந்து போகிற பயணத்தில் அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் மீதி நாளின் பேச்சே அமையும். சுற்றுலா என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஓய்வு இல்லை. சிலர் ஊர் பார்க்கப் போகிறார்கள். சிலர் போகிற வழியெல்லாம் தங்களை ஒளித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

சரி, வண்டியில் ஏறுவோம். அதே சாலை, அதே ஒரு நாள். நிறுத்தங்களை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

நெல்லையப்பர் கோயில் வாசலில் நிற்கிறோம். தாமிர சபை, இசைத்தூண், ஆனித் தேரோட்டம் எல்லாம் கேட்டாயிற்று. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா இந்த வாசலைத் தாண்டிய முதல் ஆண்டு எது? பெரும்பாலான தலித் குடும்பங்களுக்கு அது ஒருவர் ஆயுளுக்குள் அடங்குகிற கணக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். கோபுரத்தின் வயதை நூற்றாண்டுக் கணக்கில் சொல்லும் வழிகாட்டி, அந்த வாசல் எல்லாருக்கும் திறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அந்தக் கோயிலின் வரலாறு.

மேற்கே போகிறோம். சேரன்மகாதேவி. நவகைலாயப் பயணிகள் இங்கே இறங்குவார்கள். வ.வே.சு. அய்யர் நடத்திய தமிழ்க் குருகுலமும் இந்த ஊரில்தான் இருந்தது. தேசபக்தர்களை உருவாக்கக் காங்கிரஸ் பணத்திலும் பொதுமக்கள் நன்கொடையிலும் நடந்த பள்ளி. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்ததும் 1924, 25-இல் தமிழ்நாடே கொந்தளித்தது. பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறுவதற்கு முந்தைய பெரிய சண்டைகளில் ஒன்று அது. 1925 ஜூனில் அய்யர் பாபநாசத்தில் அருவி நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரிழந்தார். பாபநாசம் போகிறவர்களுக்கு அந்தச் சோகம் சொல்லப்படுகிறது. சேரன்மகாதேவிப் பந்தி சொல்லப்படுவதில்லை. நாம் இன்னொரு படி மேலே போய்க் கேட்க வேண்டும்: பிராமணர், பிராமணரல்லாதார் என்று அந்தச் சண்டை பேசப்படும்போது, இதே ஊரின் சேரிப் பிள்ளைகளுக்கு எந்தப் பந்தியில் இடம் என்று அன்று எத்தனை பேர் கேட்டார்கள்?

அங்கிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரை இரண்டு பக்கமும் வயல். எல்லாப் பயணிகளும் இங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பின்னால் பொதிகை, முன்னால் பச்சை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் கால்வாய்களும் கட்டி வளர்த்த பச்சை. இந்த நஞ்சை நிலம் நீண்ட காலம் கோயில், மடம், பிராமணர், வேளாளர் கைகளில் இருந்தது. இறங்கி நாற்று நட்டவர்களும் களை எடுத்தவர்களும் கதிர் அறுத்தவர்களும் பெரும்பாலும் பள்ளர் குடும்பங்கள். இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படுகிறவர்கள். இயற்கை அழகு என்று நாம் பெயர் வைத்திருப்பது அவர்கள் முதுகு வளைந்து உண்டாக்கிய அழகு. ஜன்னல் வழியே பார்க்கும்போது இந்த ஒரு வாக்கியத்தையாவது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

மணிமுத்தாறு. சோதனைச் சாவடி தாண்டி மலையேறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. மேகம், குளிர், தேயிலைச் சரிவு. கொக்கிரகுளத்தில் செத்தவர்கள் எந்தக் கூலிக்காக ஊர்வலம் வந்தார்களோ அந்தக் கூலி இந்த மலைக்கு உரியது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பாம்பே பர்மா நிறுவனத்திடம் கொடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டு, பாதை போட்டு, லயன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வெளியேறச் சொல்லிவிட்டது. தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும், எங்களை இங்கேயே இருக்க விட வேண்டும் என்று மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதை ஏற்கவில்லை. மறுவாழ்வுத் திட்டங்களைச் செய்துகொடுங்கள் என்று அரசுக்குச் சொல்லி முடித்துக்கொண்டது.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மலை அது. காடு காடாகத் திரும்ப வேண்டும் என்று வாதிடுகிறவர்களை நான் பகையாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நான்கு தலைமுறை அங்கே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் கீழே இறங்க வேண்டும். அவர்கள் போட்ட பாதையில், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, படம் பிடிக்க வருகிறவர்கள் மேலே ஏறலாம். நாளைக்கு அங்கே சூழல் சுற்றுலா என்று ஏதாவது வந்தால், அந்த மலையின் ஒவ்வொரு வளைவையும் ஓடையையும் பெயர் சொல்லத் தெரிந்த ஒரு மாஞ்சோலைக்காரர் அதில் வழிகாட்டியாக இருப்பாரா? அல்லது நன்றாக ஆங்கிலம் பேசும் யாரோ ஒருவர், ‘இங்கே ஒரு காலத்தில் தொழிலாளர்கள் இருந்தார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவாரா?

கிழக்கே போகிற வண்டிக்கும் இதே கதைதான். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளை இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள், பெருமைப்படுகிறார்கள். பொருநை நாகரிகம் என்ற சொல் மேடைகளில் முழங்குகிறது. நல்லது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஸ்ரீவைகுண்டம். அங்கே கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு சமூகம் மண்கோட்டைக்குள் வாழ்ந்தது, அந்தப் பெண்கள் கோட்டையைவிட்டு வெளியே வந்ததே இல்லை என்று வழிகாட்டிகள் வியப்போடு சொல்வார்கள். ஆய்வு நூல்கள்கூட வந்திருக்கின்றன.

இதே மாவட்டத்தில் பகலில் வெளியே வர முடியாத இன்னொரு சமூகமும் இருந்தது. புதிரை வண்ணார். கண்ணில் பட்டாலே தீட்டு என்று இரவில் மட்டும் நடமாட விடப்பட்டவர்கள். திருநெல்வேலியில் அப்படி ஒரு நிலை இருப்பதை 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளிதழ் எழுதியது. சாதி பற்றிய தன் நூலில் ஹட்டன் அதை எடுத்தாண்டார். ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டத்துப் பெண்களை மறைத்து வைத்தது கௌரவம், இன்னொரு கூட்டத்தையே மறைந்திருக்கச் சொன்னது தீட்டு. முதலாவது சுற்றுலாக் கதை ஆகிவிட்டது. இரண்டாவது ஆகவில்லை. நமக்கும் இதில் வசதியான இடம் கிடையாது. புதிரை வண்ணார் இரவில் துவைத்த துணிகள் பள்ளர், பறையர் தெருக்களின் துணிகள். நம் வரலாற்றை நாமே சொல்லப் புறப்படும்போது நமக்குச் சங்கடம் தருகிற இந்த நிறுத்தத்திலும் வண்டி நிற்க வேண்டும். மற்றவர்கள் செய்த அதே வேலையை, நம் பங்கை மறைத்துவிட்டு, நாமும் செய்யக் கூடாது.

இப்படியெல்லாம் யாராவது சுற்றுலா போவார்களா என்று கேட்கலாம். உலகம் முழுக்கப் போகிறார்கள். ராபன் தீவுக்குப் போகிறவர்களுக்கு, மண்டேலா அடைக்கப்பட்டிருந்த சிறையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் அங்கேயே அரசியல் கைதிகளாக இருந்தவர்கள். தெற்கு அல்பேனியாவில் நம் ஊர் மாதிரியே வண்டியும் வழிகாட்டியும் பேசிக்கொண்டு ஒரு நாளில் கடற்கரை ஊரான சரண்டாவிலிருந்து நீலக்கண் ஊற்று, ஜிரோகாஸ்தர் கல்வீடுகள், கோட்டை என்று சுற்றுகிறார்கள். அந்த ஜிரோகாஸ்தர் சர்வாதிகாரி என்வர் ஹோஜா பிறந்த ஊர். கோட்டைக்கு அடியில் அவர் ஆட்சி தோண்டிய பனிப்போர்ச் சுரங்கம் இன்று டிக்கெட் போட்டுக் காட்டப்படுகிறது. அடிவாரத்திலேயே கதையும் சொல்லப்படுகிறது. அங்கும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பக்கத்து ஊரான டெபெலெனாவில் 1949 முதல் 1954 வரை குடும்பம் குடும்பமாக மக்களை அடைத்து வைத்து, குழந்தைகள் பலர் செத்துப்போன முகாம் இருந்தது. அந்த ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அலி பாஷாவின் கோட்டையைத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு நாடு தன் அசிங்கத்தைப் பயணிக்குக் காட்டலாம், காட்டினால் பயணிகள் ஓடிவிட மாட்டார்கள் என்பதற்கு அந்தச் சுரங்கம் சாட்சி. நம் ஊரில் மட்டும் ஏன் அல்வாவும் அருவியும் போதும்?

பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்கிறவர்களுக்கு: இது பழசு இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் அவன் கூடப் படித்த மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு போடப்பட்டு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைப் பற்றி அரசு யோசித்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஒரு தலித் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் வேறு சாதிப் பெண்ணை நேசித்தது. கையில் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பையன்களும் இதே பாலத்தின் மீதுதான் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். கொக்கிரகுளத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தங்கள் ஊரின் கதையாக வீரமும் கோயிலும் மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு அடுத்தவன் வலி எப்படித் தெரியும்?

ஆகவே தோழர்களே, ஒரு வேலை இருக்கிறது. அரசிடம் நினைவுச் சின்னம் கேட்பது ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்குக் காத்திராமல் ஒரு நாள் பாதையை நாமே எழுதுவோம். சட்டக் கல்லூரி மாணவர்கள், சுந்தரனார் பல்கலைக்கழக மாணவர்கள், சேவியர், ஜான்ஸ் கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் போதும். எந்த இடத்தில் நிற்பது, எந்தத் தேதியைச் சொல்வது, எது ஆவணத்தில் இருக்கிறது, எது வாய்மொழி என்று பிரித்து எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரு தவறான எண் போதும், மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள்.

மூன்று நிபந்தனைகளை மறக்காதீர்கள். முதலாவது, காலனித் தெருக்களைக் காட்சிப் பொருளாக்கக் கூடாது. மும்பை தாராவியில் நடப்பதுபோல வறுமையைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போவது நம் வேலை இல்லை. கொடியங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் படை புகுந்து, உழைத்துச் சேர்த்த வீட்டுப் பொருட்களையும் பாஸ்போர்ட்களையும் அழித்துவிட்டுப் போன ஊர். அந்த ஊரைப் பற்றிப் பேச வேண்டும். ஆனால் அழைப்பில்லாமல் கேமராவோடு போய் நிற்கக் கூடாது. ஊர்க்காரர்கள் வாங்க என்றால் போகலாம். இரண்டாவது, சொல்ல வேண்டியவர்கள் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள். மாஞ்சோலையிலிருந்து இறக்கப்பட்டவர்களில் கதை சொல்ல விரும்புகிறவர்களைத் தேடிப் பாருங்கள். மூன்றாவது, சும்மா சொல்ல வைக்காதீர்கள். அவர்கள் நாளுக்குக் கூலி கொடுங்கள், மரியாதையான கூலி. கூலி கேட்டதற்காக ஆற்றில் துரத்தப்பட்டவர்களின் கதையை இலவசமாக வாங்கிக்கொள்வதைவிடக் கேவலம் இல்லை.

டிரைவர் அண்ணன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். கேட்கிற பயணி இருந்தால் சொல்கிற டிரைவரும் இருப்பார். வெளியூரிலிருந்து உங்கள் விடுதித் தோழர் யாராவது நெல்லையைச் சுற்றிப் பார்க்க வருகிறேன் என்றால், வண்டியைப் பாலத்தில் ஒரு ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். 1843-ஐயும் சொல்லுங்கள், 1999-ஐயும் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.